பால் சேராத பிள்ளைகள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்:
பிள்ளைக்கு அப்போது 2 மாதம், தாய்ப்பால் மட்டுமே. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்த துணியில், சளியோடு சிவப்பு நூலிழை போல இரத்தம் ஒட்டியிருந்தது இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. சூடு என்றார் அத்தை. பால் ஊறட்டும் என்று பால் சுறாப் புட்டோடு இரு வேளையும் ஒரு செம்பு பசும்பாலை எனக்குக் கொடுத்துவந்தவரும் அவர்தான். பசும்பாலின் புரதம் என் பால்வழியே சென்று பிள்ளைக்கு ஒவ்வாமை தந்திருக்கலாம் என்று கூறிய மருத்துவர், பால், தயிர், மோர், பால் சேர்த்த பிஸ்கட் அனைத்தையும் நிறுத்தச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. சுறாவில் பெயருக்குத்தான் பால் என்பதால் அது தப்பியது. மூன்றாம் வாரம் துணி சுத்தமானது. அவர் சொன்னபடி மீண்டும் பால் குடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதே இழை.

தொண்டியிலிருந்து ஒரு பாட்டி:
இவ்வளவு பத்தியம் தேவையா? வயிற்றுப்போக்குக்குப் பிறகு எங்கள் 8 மாதப் பேரனுக்கு மலம் நுரைத்து, புளித்த வாடையோடு போய், பிட்டம் சிவந்து புண்ணானது. மருத்துவர் சொற்படி லாக்டோஸ் இல்லாத பால் மாவை 2 வாரம் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தந்தை:
தொண்டி அம்மா இரண்டு நோய்களை ஒன்றாக்குகிறார். பசும்பால் சேராத எங்கள் மகளுக்கு, ஆட்டுப்பால் எளிதில் செரிக்கும் என்று ஊரார் சொன்னதை நம்பிச் சங்கில் புகட்டினோம். சங்கு காலியாவதற்குள் உதடு வீங்கி, உடம்பெங்கும் தடித்துவிட, ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம்.
லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. அதைச் செரிக்கும் நொதி சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கிறது. வயிற்றுப்போக்கில் அச்சுவர் சிதைந்தால் நொதி குறைந்து, சுவர் ஆறியதும் மீள்கிறது. உங்கள் பேரனுக்கு நேர்ந்தது பெரும்பாலும் அதுவே. 100 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் உண்டு. தாய் பத்தியம் இருந்தாலும் அது குறையாது. ஒவ்வாமையோ புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி பகையாகக் கருதுவதால் வருவது. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அந்தப் புரதம் இருக்கிறது. ஆட்டுப்பாலின் புரதமும் ஏறத்தாழ அதே சாயல்தான். பாலை விட்ட தாய்மார் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகையும் முள்ளோடு உண்ணும் நெத்திலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடத்துத் தாய்:
நெத்திலிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, ஐயா. பிள்ளைக்கு இப்போது 2 வயது. சென்ற மாதம் மருத்துவரின் மேற்பார்வையில் பால் கொடுத்துப் பார்த்தோம், சேர்ந்துகொண்டது. அந்தச் செம்பை மட்டும் அத்தை இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை.