தென்னாபிரிக்காவில் வேட்டை, கொழும்பில் கலியாணம்: துவக்குப் பெட்டியை என்ன செய்யிறது?

காலிவீதி:

அத்தான் ரொறன்ரோவில இருக்கிறார். வாற ஆனியில தென்னாபிரிக்காவின் லிம்போப்போ பக்கம் ஒரு தனியார் வேட்டைப் பண்ணைக்கு ஒரு கிழமை போறார். அது முடிய நேரா கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில நடக்கிற கலியாணத்தில நிண்டு, 10 நாளுக்குப் பிறகு ரொறன்ரோ திரும்புறதுதான் திட்டம். .30-06 ரகத்து ரைஃபிள் ஒண்டு, ஒவ்வொரு ரவையையும் கையால இழுத்து ஏத்துற போல்ட் அக்‌ஷன், கனடா லைசென்ஸோட வைச்சிருக்கிறார். அதையும் 80 ரவையையும் கொண்டு போக விருப்பம். டிக்கெட் இன்னும் எடுக்கேல்லை.

ரைஃபிளைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில சுங்கத்திட்ட ஒப்படைச்சு, திரும்பிப் போகேக்க எடுக்கலாமோ? விமானத்தில கொண்டு போறதெண்டால் எப்பிடிக் கட்டவேணும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொன்னால் பெரிய உதவி.

பத்துமீற்றர்:

அந்தப் பெட்டி கொழும்புக்கு வரவே கூடாது. டிக்கெட் எடுக்க முதல் இதை முடிவெடுங்கோ.

ஒரு இடத்தில 24 மணித்தியாலத்துக்கு மேல நிண்டால் விமான நிறுவனம் அதை இடைமாறல் எண்டு எடுக்காது, தரிப்பு எண்டுதான் எடுக்கும். அப்ப பெட்டியில ஒட்டுற பட்டியில கடைசி இடம் கொழும்பு எண்டு அடிபடும், பெட்டி கட்டுநாயக்கவில பயணப்பொதிப் பட்டைக்கு வந்து சேரும். அந்த நேரமே அது இலங்கைக்குள்ள ஒரு சுடுகலனை இறக்குமதி செய்த கணக்கு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறக்குமதி செய்யவும் ஏலாது, வைச்சிருக்கவும் ஏலாது. கனடா லைசென்ஸ் இங்க செல்லாது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பயணத்துக்கு முதலே கையில இருக்கவேணும். "இறங்கினாப் பிறகு கதைச்சுப் பாப்பம்" எண்ட யோசனையை அடியோட விடச் சொல்லுங்கோ.

சுங்கத்திட்ட ஒப்படைக்கிற யோசனை மதுப்போத்தல் கூடின மாதிரியான விசயங்களுக்குச் சரி வரலாம். துவக்கில முதற் கேள்வியே அனுமதி எங்க எண்டதுதான். அனுமதி இல்லாட்டி அது பொருளைத் தடுத்து வைக்கிற விசயமாய் நிக்காது, ஆளைத் தடுத்து வைக்கிற விசயமாய்ப் போகும். கலியாண வீட்டுக்கு வந்த மனிசன் நீர்கொழும்பு நீதிமன்றத்துக்கு அலையிற நிலை வரக்கூடாது.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போற எங்கட துப்பாக்கி சுடும் வீரர்களே சம்மேளனத்தின் கடிதம், அமைச்சின் அனுமதி, தொடரிலக்கம் எழுதின பட்டியல் எல்லாத்தையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுதான் போய் வருகினம். அதுக்குக் காரணமாய்க் காட்ட ஒரு போட்டி இருக்கு. அத்தானுக்குக் கொழும்பில ரைஃபிளுக்கு எந்தத் தேவையும் இல்லை. இங்க 1937ஆம் ஆண்டு தொடக்கமே வனவிலங்குப் பாதுகாப்புக்குச் சட்டம் இருக்கு. வேட்டைக்கெண்டு விண்ணப்பிச்சால் அந்தக் காரணமே எடுபடாது.

அப்ப அவருக்கு இரண்டு வழிதான். ரைஃபிளைக் கொண்டு போனால் ரொறன்ரோ, தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க், ரொறன்ரோ எண்டு போய், அதை வீட்டில வைச்சிட்டுக் கொழும்புக்குத் தனியாய் வரவேணும். கொழும்பையும் அதே சுற்றில முடிக்கிறதெண்டால் ரைஃபிளை வீட்டில விட்டிட்டுப் பண்ணையில வாடகைக்கு எடுக்கவேணும். இரண்டாவதுதான் எனக்குச் சரியாப் படுது.

பொதிப்பட்டை:

மேல சொன்னது சரி. கட்டுற முறையையும் எழுதிவிடுறன், முதலாவது வழியை எடுத்தால் தேவைப்படும். வேற ஆக்களுக்கும் உதவும்.

ரவைதான் கூடுதலாப் பிழைக்கிற இடம். சர்வதேச ஆபத்தான பொருள் விதிப்படி ஒரு பயணிக்கு 5 கிலோ. அது மொத்த நிறை, பெட்டியும் சேர்த்துத்தான். வெடிபொருள் வகைகளில ஆபத்துக் குறைஞ்ச 1.4 எஸ் வகுப்பில, யூஎன் 0012, யூஎன் 0014 எண்ட ஐ.நா. இலக்கங்களுக்குள்ள வாற சாதாரண ரவை மட்டும்தான். வெடிக்கிற முனை, தீப்பிடிக்கிற முனை உள்ளது ஏலாது. தனி வெடிமருந்து, அதைப் பத்தவைக்கிற பிரைமர் இரண்டும் எந்தப் பெட்டியிலும் ஏலாது. .30-06 ரவை ஒண்டு ஏறத்தாழ 27 கிராம், 80 எண்டால் 2.2 கிலோ அளவில வரும், பிரச்சினை இல்லை. 12 போர் சொட்கன் தோட்டாவோட போற ஆக்கள்தான் தடக்குப்படுறது. 100 தோட்டாவே 5 கிலோவுக்குக் கிட்ட வந்திடும். இரண்டு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு 5 கிலோ, ஆனால் 10 கிலோவை ஒரே பொதியில கட்ட ஏலாது. ரவை தொழிற்சாலைப் பெட்டியிலயோ, ஒவ்வொண்டுக்கும் தனிக் குழி உள்ள பிளாஸ்ரிக் பெட்டியிலயோ இருக்கவேணும். பையில கொட்டி வைச்சால் கவுண்டரிலயே மறிப்பினம். ரவையை ரைஃபிளோட ஒரே பெட்டியில வைக்க சில நிறுவனங்கள் விடும், சிலது விடாது. தனிப்பெட்டியில பூட்டி இன்னொரு சூட்கேஸுக்குள்ள வைக்கிற ஆயத்தத்தோட போறது நல்லது.

ரைஃபிள் வெறுமையாய், போல்ட்டைக் கழற்றி, அதே கடினப் பெட்டிக்குள்ள. போல்ட்டைக் கைப்பையில வைச்சால் பாதுகாப்பானது எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம். அது துவக்கின் பாகம், கைப்பையில ஏறாது. மகசின் வெறுமையாய் இருக்கவேணும். பெட்டியில பூட்டுத் துளை எத்தினை இருக்கோ அத்தினைக்கும் பூட்டுப் போடுங்கோ. இரண்டு மட்டும் போட்டால் மூலையைக் கிளப்பி விரல் விடலாம், அப்பிடி இருந்தால் ஏற்கமாட்டினம். சாவி பயணியிட்டத்தான் இருக்கவேணும். கவுண்டரில் "சுடுகலன் இருக்கு" எண்டு வாயால் சொல்லி, அவை பார்த்து, படிவம் கையெழுத்தாகி, ஊடுகதிர்ச் சோதனை முடியுமட்டும் அந்த இடத்தை விட்டு அசையவேண்டாம். திறக்கச் சொல்லேக்க ஆள் இல்லாட்டிப் பெட்டி ஏறாது. மூண்டு மணித்தியாலம் முந்திப் போறது பத்தாது, நாலு வையுங்கோ.

காத்து இறுக்கமான பெட்டி எண்டால் அமுக்க வால்வைப் பாருங்கோ. ஜொகன்னஸ்பேர்க் விமான நிலையம் 1,694 மீற்றர் உயரத்தில இருக்கு, அங்க காத்தமுக்கம் குறைவு. அங்க இறுக்கி மூடின பெட்டியை ரொறன்ரோவில திறக்கப்போனால் வெளியமுக்கம் மூடியை அமத்திப் பிடிச்சிருக்கும். தானா இயங்காத வால்வு எண்டால் கையால திருகிக் காத்தை உள்ள விட்டாப் பிறகு திறவுங்கோ, நெம்பினால் ரப்பர் வளையம்தான் போகும்.

அனுமதி கேட்கேக்க டிக்கெட் வித்த நிறுவனத்தைக் கேட்டது காணாது. உண்மையில விமானத்தை ஓட்டுறது எந்த நிறுவனமோ அதின்ர விதிதான் செல்லும். ஒவ்வொரு துண்டுப் பயணத்துக்கும் தனித்தனியா எழுத்தில பதில் எடுங்கோ. தொடரிலக்கம், ரகம், ரவை எண்ணிக்கை, நிறை எல்லாம் அந்தக் கடிதத்தில இருக்கவேணும். இரண்டு தனி டிக்கெட் எடுத்து நடுவில பெட்டியைத் தானே மாத்துறது துவக்குக்கு அறவே சரி வராது. பெட்டியை வெளிய எடுக்கிற ஒவ்வொரு நாடும் ஒரு இறக்குமதி நாடு.

சவானா:

தென்னாபிரிக்கப் பக்கம். துவக்கைத் தற்காலிகமாய் நாட்டுக்குள்ள கொண்டு போறதுக்கு எஸ்ஏபி 520 எண்ட பொலிஸ் படிவம் வேணும். கறுப்பு மையால் நிரப்பி, கையெழுத்து இடாமல் கொண்டு போய், ஜொகன்னஸ்பேர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்தில இருக்கிற பொலிஸ் சுடுகலன் அலுவலகத்தில அதிகாரிக்கு முன்னால கையெழுத்திடவேணும். வீட்டில இருந்து கையெழுத்து வைச்சுக் கொண்டு போனால் திரும்ப முதல்லயிருந்து நிரப்பவேண்டி வரும். அதோட கடவுச்சீட்டுப் பிரதி, திரும்புற டிக்கெட், பண்ணையின் அழைப்புக் கடிதம், உரிமைச் சான்று. ஒரு துவக்குக்கு 200 ரவை வரை, அந்தத் துவக்கின் ரகத்துக்குரியது மட்டும். வேட்டைக்கு அரைத்தானியங்கித் துவக்கு ஏலாது, போல்ட் அக்‌ஷன் சரி.

உரிமைச் சான்றில கனடாக்காரருக்கு ஒரு இடறல் இருக்கு. சாதாரண வேட்டை ரைஃபிள்களைப் பதியிற முறையைக் கனடா 2012இல் நிப்பாட்டிவிட்டுது. ஒன்ராறியோவில இருக்கிற அத்தானிட்ட ஆளின்ர பேரில லைசென்ஸ் இருக்கும், ஆனால் அதில ரைஃபிளின் தொடரிலக்கம் இருக்காது. தென்னாபிரிக்கப் பொலிஸ் தேடுறதே அந்த இலக்கத்தைத்தான். புறப்பட முதல் கனடா எல்லைச் சேவை அலுவலகத்துக்கு ரைஃபிளைக் கொண்டு போய் பிஎஸ்எஃப் 407 படிவத்தில தொடரிலக்கத்தோட முத்திரை குத்தி எடுத்தால் அது சான்றாகும். திரும்பி வரேக்க கனடாவில இருந்துதான் கொண்டு போனது எண்டு காட்டவும் அதுதான். கொள்வனவுப் பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் வைச்சிருக்கட்டும். இலக்கத்தை எழுதேக்க பூச்சியமோ ஓ எழுத்தோ எண்டு உலோகத்தில வெட்டினதைப் பார்த்து எழுதுங்கோ. படிவத்துக்கும் உலோகத்துக்கும் ஒரு எழுத்து மாறினாலே நிறுத்திவிடுவினம். அமெரிக்கா தவிர்ந்த நாடுகளுக்குத் துவக்கு வெளிய போறதுக்கான ஏற்றுமதி அனுமதியைக் கனடா வெளிவிவகார அமைச்சிட்ட முன்னமே கேட்டு முடிக்கவேணும்.

வழித்தடத்தையும் பாருங்கோ. நியூவார்க், அட்லான்ரா ஊடாகப் போற டிக்கெட் மலிவாய்த் தெரியலாம். ஆனால் ரொறன்ரோ விமான நிலையத்துக்குள்ளயே அமெரிக்க எல்லைச் சோதனை நடக்கும், அதால அது அமெரிக்காவுக்கான இறக்குமதியாயிடும். அப்ப அமெரிக்கச் சுடுகலன் கட்டுப்பாட்டு நிறுவனமான ஏரிஎஃபின் 6என்ஐஏ இறக்குமதிப் படிவம் வேணும், அது கிழமைக் கணக்கில எடுக்கும். அம்ஸ்ரர்டாம் ஊடாக எண்டால் அந்த வழியால கொண்டு போக டச்சுச் சுங்கத்தின் அனுமதி வேணும். சிங்கப்பூர் இடைமாறலுக்கும் பொலிஸ் அனுமதி இல்லாமல் ஏலாது.

இன்னொண்டு: எஸ்ஏபி 520 அனுமதி ஆளோடயும் துவக்கோடயும் சேர்ந்தது. கொழும்புக்கு வாறதுக்காக ரைஃபிளை அங்க பண்ணையில விட்டிட்டு வாறன் எண்டால் அது சட்டவிரோதம். மிஞ்சின ரவையையும் கண்ட ஆளுக்குக் குடுக்க ஏலாது. அந்த ரகத்துக்கு லைசென்ஸ் இல்லாதவர் அதை வைச்சிருக்கக் கூடாது.

அதால வாடகையைத்தான் நானும் சொல்லுவன். குடு, இம்பாலா மாதிரி மான் வகைகளுக்கு .30-06, .308 இரண்டும் அங்க எந்தப் பண்ணையிலும் இருக்கும். ரவையையும் பண்ணையிலயே கேக்கலாம், எஸ்ஏபி 520 படிவம் வேண்டாம். முன்கூட்டி எழுதிக் கேக்கவேண்டியது சில விசயங்கள்தான்: ரகம், தொலைநோக்கியின் உருப்பெருக்கம், விசையை இழுக்கிற பாரம், தோளில வைக்கிற பின்கட்டையின் நீளம். இடதுகைக்காரர் எண்டால் அதைக் கட்டாயம் சொல்லவேணும். போய்ச் சேர்ந்த அண்டே 100 மீற்றரில மூண்டு ரவை சுட்டுப் பார்க்கட்டும்.

காலிவீதி:

மிக்க நன்றி. வாடகைக்கு எடுக்கச் சொல்லிவிட்டன், ஓம் எண்டிட்டார். இனி ரைஃபிள் இல்லாமல் கொழும்புக்கு வரேக்க மிச்சச் சாமானால பிரச்சினை வருமோ? கொம்பு, தோல் ஏதும் கொண்டு வரலாமோ?

பத்துமீற்றர்:

வரும், கவனம் எடுத்தால் தப்பலாம்.

வேட்டைச் சட்டையின் பைகளுக்குள்ள ஒரு ரவை மறந்து கிடக்கிறதுதான் முதல் ஆபத்து. கட்டுநாயக்கவில இறங்கேக்கயும் ஏறேக்கயும் பொதி ஊடுகதிருக்குள்ளால போகும், திரும்பிப் போற நாளில கட்டடத்துக்குள்ள நுழையிற இடத்திலயே ஒருதரம் போகும். சுடாத ரவை ஒண்டு கிடைச்சாலே பொலிஸுக்குப் போற விசயம். சுட்டு முடிஞ்ச ரவையின்ர வெறும் கோதுகளையும் ஞாபகத்துக்கு எண்டு கொண்டு வரவேண்டாம். சுடேக்க பாவிச்ச முதுகுப்பையைக் கைப்பையாய்ப் பாவிக்க வேண்டாம். புகையில்லா வெடிமருந்தில நைட்ரோகிளிசரின் இருக்கிற வகைகள் உண்டு, அதின்ர துகள் துணியில நிண்டால் பையைத் துடைச்சுப் பார்க்கிற வெடிபொருள் சோதனையில மணி அடிக்கும். போட்ட உடுப்பைப் பண்ணையிலயே தோய்ச்சு, பைகளை வெளிய இழுத்துப் பார்த்திட்டு, பெரிய சூட்கேஸுக்குள்ள வைக்கட்டும்.

உருமறைப்பு நிறச் சட்டை, காற்சட்டை வேண்டாம். படைச் சீருடையை ஒத்த உடுப்புக்கு இங்க கேள்வி வரும், வெறும் பச்சை அல்லது காக்கி போதும். வோக்கி டோக்கி இருந்தால் அதையும் கனடாவிலயே விட்டிட்டு வரட்டும், இலங்கைக்குள்ள அதுக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதி வேணும். வேட்டைக் கத்தி கைப்பையில இல்லாமல் பெரிய பெட்டியில.

கொம்பும் தோலும் கையில கொண்டு வாற விசயமே இல்லை. அதை அங்க அவிச்சு, மருந்தில தோய்ச்சு, கால்நடைச் சான்றிதழ் எடுத்து அனுப்பவே மாதங்கள் போகும். பதப்படுத்துறவரிட்ட நேரா ரொறன்ரோ முகவரியைக் குடுக்கட்டும். குடு, இம்பாலா இரண்டும் அருகிவாற உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துற சைற்றிஸ் உடன்படிக்கைப் பட்டியலில இல்லை எண்டாலும், விலங்குப் பொருள் எண்டபடியால் இங்க அனுமதி இல்லாமல் இறக்க ஏலாது. பில்டோங் எண்ட காய்ஞ்ச இறைச்சிக்கும் அதே கதை, ஏறமுதல் சாப்பிட்டு முடிக்கட்டும்.