வளவுக்கு வாற குருவிகளும் நம்மட ஊசி நூலும்: உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

கல்லடி ஊசி:
வெண்மார்பு மீன்கொத்தி, வாவிக்கரைக் கம்பியில. முகில் ஒண்டு வெயிலை மறைச்ச உடனே முதுகு நீலம் அணைஞ்சு போச்சு. முகில் விலக, திரும்பப் பத்திச்சு. அந்த நீலம் சாயம் இல்லை. இறகுக்குள்ள இருக்கிற நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதால வாறது. அதால ஒரே நூலால முதுகை நிரப்பினா, எவ்வளவு விலையான நூலெண்டாலும் நீலம் செத்துத்தான் கிடக்கும்.

6 இழை நூலைப் பிரிச்சு இரண்டு இழைதான் ஊசியில கோர்க்கணும். ஒண்டு மயில்நீலம், மற்றது வெளிர் பச்சைநீலம். வாலில தொடங்கித் தலைப்பக்கமா ஏறித் தைக்கணும், ஏனெண்டா மேல் இறகு கீழ் இறகை மூடித்தான் கிடக்கு. தலையில தொடங்கினா அடுக்கு மாறி, குருவி சிலிர்த்துக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கும். தையல் நீளமும் கட்டையுமா, 5 தொடக்கம் 8 மில்லிமீற்றருக்குள்ள. அதுக்கு மேல போனா நூல் தளர்ந்து நகத்தில கொழுவும். மண்ணிறத் தலையும் வெள்ளை நெஞ்சும் சந்திக்கிற கோட்டில மட்டும் நிறத்தைக் கலக்காதீங்க. அங்கதான் அது மீன்கொத்தியாகுது.

மருதமுனைத் தறி:
அக்கா சொல்றது பாதிதான் சரி. இரண்டு இழையைக் கலந்தா நீலம் மினுங்கும், ஆனா அணைஞ்சு பத்தாது. அது தறியிலதான் வரும். தறிக்கொட்டிலுக்கு மேலால மீன்கொத்தி கிறுகிப் பறந்த நேரம் செட்டையில வெள்ளைத் திட்டு விரிஞ்சு மூடினதைப் பார்த்தா விளங்கும்.

பாவு (தறியில நீளமா இழுத்த நூல்) கடுநீலம், ஊடை (குறுக்கால ஓடுற நூல்) பச்சைநீலம், சாதா நெசவு. இரண்டும் ஒரே பருமனா இருக்கணும். அங்குலத்துக்குப் பாவு 60 எண்டா ஊடையும் 60ஐ ஒட்டியே விழணும். ஊடையைத் தட்டுற பலகையை இறுக்கி அடிச்சா ஊடை நெருங்கி, துணி முழுக்கப் பச்சைநீலமாப் போயிடும். கொஞ்சம் நெய்த உடனே துணியை மடிச்சுப் பாருங்க. மடிப்பின்ட இரண்டு பக்கமும் இரண்டு நீலம் தெரிஞ்சா சரி. மினுக்கம் ஏத்தின பருத்தி நூல் எடுங்க, சாதா நூலில இந்த வித்தியாசம் மங்கிப் போகும். வெள்ளைத் திட்டுக்கு மட்டும் சின்னத் தாரில (ஊடை நூல் சுத்தின குழல்) தனி ஊடை. முடிச்ச துணியைத் தொங்க விடுங்க. கண்ணாடிச் சட்டத்துக்குள்ள இழுத்துப் பூட்டினா செய்த வேலை அத்தனையும் வீண்.

கல்லடி ஊசி:
தொங்கவிட்ட துணியில குருவி எங்க இருக்கு தம்பி? நீங்க சொல்றது நிறம். கம்பியில இருந்தது அலகும் கழுத்தும் உள்ள உயிர்.

புலுனிக்கூட்டம்:
இங்க எல்லாரும் மீன்கொத்தியிலயே நிக்கிறீங்க. நம்மட புலுனிக்கு (தவிட்டுக்குருவி) நிறமே இல்லையெண்டு ஒதுக்கிறாங்க. முருங்கைக் கொப்பில ஏழெட்டு நெருங்கி இருந்து ஒண்டின்ட கழுத்தை ஒண்டு கோதுற அந்த வரிசை போதும், பழைய சாரத் துண்டுகளில ஒட்டுத்தையல் போட.

தேயிலைச் சாயத்தில இரண்டு மூண்டு அளவு கடுமையில ஊறவிட்ட துண்டுகள் எடுங்க. பின்னால இருக்கிற குருவியை முதல்ல வைக்கணும். சுத்திவர 5 மில்லிமீற்றர் மடிப்பு, வளைவில சின்னச் சின்ன வெட்டு. ஒரு குருவி இன்னொண்டுக்குக் கீழ போற ஓரத்தை மடிக்கவே கூடாது. மடிச்சா நாலு தட்டுத் துணி சேர்ந்து கட்டியாகி, ஊசி இறங்காது. அலகைத் துணியில வெட்ட வேணாம், அவ்வளவு சின்ன முனை மடியாது. மஞ்சள் நூலால நிரப்புங்க. கண்தான் முக்கியம். நம்மட புலுனிக்கு நீலம் ஓடின வெள்ளைக் கண், நடுவில கறுப்புப் பொட்டு. கறுப்பு மணி ஒண்டைத் தைச்சு விட்டா அது வேற குருவி.

கோடிப்பக்கம்:
தையல்சிட்டுக் கூடு ஒண்டை ஒருக்காக் கிட்டப் பாருங்க. இலை ஓரத்தில அலகால ஓட்டை போட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் நாரும் இழுத்திருக்கு. முடிச்சே இல்லை. ஓட்டைக்கு வெளிய நூல்நுனி பஞ்சாப் பிரிஞ்சு நிக்கிறதால திரும்ப உருவாது. இலை கிழியவும் இல்லை. தடித்த நூலில இதையே செய்யலாம்: நுனியைப் பிரிச்சு விட்டு முன்பக்கமாவே நிறுத்துங்க. கழுவாத சுவர்த்துணிக்கு மட்டும்.

மெழுகும் சாயமும்:
செண்பகத்தை யாரும் சொல்லவில்லை. வேலியோரம் நடந்து போனது நின்று திரும்பிப் பார்க்கிறது; கறுப்புக்குள் அந்தச் சிவப்புக் கண். பத்திக்கில் (மெழுகிட்ட இடத்தில் சாயம் ஏறாமல் நிறம் நிறமாகத் தோய்க்கிற துணிவேலை) இதைவிடப் பொருத்தமான பறவை இல்லை, ஏனென்றால் அதன் நிறங்கள் சாய வரிசையிலேயே இருக்கின்றன: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, செம்மண், கறுப்பு. கண்ணில் ஒளிப்புள்ளி வேண்டுமானால் தொடக்கத்திலேயே மெழுகு. சிவப்புச் சாயம் காய்ந்ததும் கண்ணை மெழுகால் மூடவேண்டும். செம்மண் முடிந்ததும் செட்டை. கடைசியாக உடலுக்குக் கறுப்பு.

பின்னணியில் வானம் நீலமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள். செம்மஞ்சளுக்கு மேல் நீலம் ஊற்றினால் சேற்று நிறம்தான் வரும். பின்னணியைத் தொடக்கத்திலேயே மெழுகிட்டு வெள்ளையாக விடுங்கள், அல்லது கறுப்பிலேயே விடுங்கள்.

மெழுகு: பரஃபின் இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பரஃபின் கூடினால் வெடிப்புக் கூடும்; செட்டையில் அது அழகு, கண்ணோரத்தில் நாசம். துணியில் கோடு கண்ணாடிபோல் ஊடுருவ வேண்டும். வெள்ளையாக மேலே நின்றால் சூடு போதாது, சாயம் அடியால் புகும். புகை வந்தால் உடனே இறக்குங்கள். தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. கடைசியில் கொதிநீரில் அவிக்கும்போது மிதக்கிற மெழுகை ஆறவிட்டு எடுங்கள். வடிகாலில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.

அக்கரைப்பற்றுப் பக்கம்:
நம்மட வீட்டு வேலியில கிளிச்சோடி, ஆணுக்கு மட்டும் கழுத்தில றோசாவும் கறுப்பும் சேர்ந்த வளையம். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஆனா எல்லாருக்கும் ஒண்டு சொல்லணும்.

கல்லடி அக்கா, மீன்கொத்தி அலகுக்குச் சிவப்பு நூல் எடுக்க முதல் நனைச்ச நூலை வெள்ளைத் துணியில வைச்சு இஸ்திரிக்கையால அமத்திப் பாருங்க. கறை பிடிச்சா அந்த நூல் வேணாம். சிவப்பு அலகுக்குப் பக்கத்தில வெள்ளைத் தொண்டை, ஒருக்காக் கழுவினாப் போதும், முழுக்க றோசா. துணியையும் வெட்ட முதல் கழுவிக் காய வையுங்க, இல்லாட்டி பிறகு துணி சுருங்கித் தையல் குமிழும்.

நாம கடலோரத்தில இருக்கிறம். உப்புக்காத்தில தையல் வளையத்தின்ட ஆணி துருப்பிடிக்கும், குத்தி விட்ட ஊசி துணியிலயே மண்ணிறப் பொட்டு வைக்கும். அது போகாது. வேலை முடிஞ்ச உடனே ஊசியைக் கழட்டுங்க, வளையத்தையும் கழட்டுங்க. நவம்பர் மழை தொடங்கினா பொலித்தீனில சுத்தி வைக்கவே கூடாது, உள்ளுக்கு வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில சுருட்டி வையுங்க. மடிச்சா மடிப்பில நூல் அறும். சுவரில மாட்டுறதெண்டா மேற்கு யன்னல் வெயில் படாத சுவர். பின்னால காடாத்துணி, சுவருக்கும் துணிக்கும் இடையில விரலளவு வெளி. மாரியில சுவர் ஈரம் கக்கும்.