புதுப்பிப்பு: வாஷிங் மெஷின் வாங்கியாச்சு

ஆறு பேர் இருக்கும் வீடு, போரில் உப்புத் தண்ணீர், எந்த மெஷின் எடுக்கலாம் என்று திருநகரிலிருந்து போன மாதம் கேட்டிருந்தேன். 8 கிலோ டாப் லோடு எடுத்துவிட்டோம். ஃப்ரண்ட் லோடுக்குத் தண்ணீர் குறைவாகத்தான் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி; தினமும் குனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது வாரமே தண்ணீர் நூல் மாதிரி வந்தது. குழாயைக் கழற்றினால், உள்ளே இருக்கும் சின்ன வலையில் மணலும் வெள்ளைப் பொடியும் அப்பியிருந்தன. பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியதும் சரியாகிவிட்டது. போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் அந்த வலையை மாதம் ஒருமுறை அவசியம் பாருங்கள். அப்புறம், பவுடரை வெந்நீரில் கரைத்து ஊற்றுகிறோம்; கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு விழுவதில்லை. அப்பாவின் வேட்டிக்கு மட்டும் கடைசி அலசல் கார்ப்பரேஷன் தண்ணீரில், கையால்தான்.