கிரியாட்டினின் நார்மல், மூத்திரமும் நார்மல், ஆனால் சிறுநீரகம்?

தறிக்காரன், குமாரபாளையம்:
கல் வலி எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்கு இடது பக்கம், சிறுநீர்க் குழாயின் நடுவில் 9 மி.மீ. கல். மூன்று வாரம் படாத பாடு படுத்திவிட்டு ஒரு நாள் வலி நின்றுபோனது. கல் இறங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒன்றரை வருடம் கழித்து ஊரில் நடந்த முகாமில் ரத்தமும் மூத்திரமும் கொடுத்தேன். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சரியில்லை என்று அர்த்தம்) 1.1. சீழ் செல் 2 முதல் 4. புரதம் இல்லை. தாளில் எல்லாமே நார்மல்.

பிறகு வயிற்றுக் கோளாறுக்காக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா கருவியை இடது விலாவுக்குக் கீழே வைத்தவர் கையை நகர்த்தவே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பக்கம் உங்களுக்கு வலியே இல்லையா?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. சிறுநீரகம் தண்ணீர்ப் பை மாதிரி வீங்கி, சதை காகிதமாக மெலிந்திருந்தது. கல் அதே இடத்தில். ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டி.டி.பி.ஏ. ஸ்கேனில் இடது 9 சதவீதம், வலது 91.

ரிப்போர்ட் எப்படி நார்மலாக வந்தது என்று கேட்டேன். ஒரு சிறுநீரகம் படுத்துவிட்டால் இன்னொன்று அதன் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும், அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறாமலே இருக்கலாம் என்றார்கள். மூத்திரமும் அப்படித்தான். அடைபட்ட பக்கத்திலிருந்து எதுவும் இறங்காதபோது, நான் டப்பாவில் பிடித்துக் கொடுத்தது முழுக்க நல்ல பக்கத்து மூத்திரம்.

மூன்றாம் மாடி, திருநெல்வேலி:
அண்ணா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. எனக்கு இரண்டு தடவை கல் வந்தபிறகு 24 மணி நேர மூத்திரச் சோதனை எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமான நாளில்தான் பிடிக்க வேண்டும், அதற்காகக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் துணிக்கடையில் நிற்பவள். கேனைக் கட்டைப் பைக்குள் வைத்து வேலைக்கே கொண்டுபோனேன்.

மறுநாள் லேபில் அந்தத் தம்பி கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஒரு நாளுடையது இல்லை, பாதியை வெளியே விட்டிருக்கிறீர்கள், திரும்பப் பிடியுங்கள்" என்றார். 780 மி.லி. எத்தனை பேர் முன்னால் சொன்னார் தெரியுமா? ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்று சொன்னேன், நம்பவில்லை. டாக்டர்தான் அந்த மூத்திரத்தில் இருந்த கிரியாட்டினினைப் பார்த்தார். ஒரு நாளில் அது எவ்வளவு போகும் என்பதற்கு எடையை வைத்து ஒரு கணக்கு உண்டாம், பாதியை விட்டிருந்தால் அதுவும் குறைந்திருக்கும். என் எடை 55 கிலோ, கிரியாட்டினின் 940 மி.கி. "கணக்குச் சரியாக இருக்கிறதம்மா, நீங்கள் எதையும் விடவில்லை. குடிப்பதே இவ்வளவுதான்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

எங்களுக்குக் கழிப்பறை மொட்டை மாடியில். சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். 2021-இல் கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள், ஸ்டூல் வந்தது. கழிப்பறை கீழே வரவில்லை.

பென்ஷன்தாரர், தஞ்சாவூர்:
எனக்கு 4 மி.மீ. வந்தது, போய்விட்டது. என் கதை அவ்வளவுதான். ஆனால் தம்பி ஸ்கேன், ஸ்கேன் என்று எழுதி எல்லோரையும் பயமுறுத்துவது சரியில்லை. சிறுபீளையும் நெருஞ்சிலும் கஷாயமாக வைத்து ஒரு மண்டலம் குடியுங்கள். வாழைத்தண்டு வாரம் மூன்று நாள். பால், தயிர், மோர் மூன்றையும் அடியோடு நிறுத்துங்கள், கல்லே சுண்ணாம்புதானே. தக்காளி விதை கூடாது. கீரை தினமும் சேருங்கள், முக்கியமாகப் பாலக். காலையில் எழுந்ததும் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் தண்ணீர். எங்கள் தெருவில் ஆறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

லேப் அக்கா, சேலம்:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 4 மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். தறிக்கார அண்ணனுடையது 9. அந்த ஆறு பேரும் வலி நின்றபின் ஒரு ஸ்கேன் எடுத்தார்களா?

பால், மோரை நிறுத்தச் சொன்னது தப்பு. பலருக்கு வருவது கால்சியம் ஆக்ஸலேட் கல், அதாவது சுண்ணாம்புச் சத்தும், கீரை போன்ற சாப்பாட்டில் இருக்கும் ஆக்ஸலேட் என்ற உப்பும் மூத்திரத்தில் சேர்ந்து உறைவது. சாப்பாட்டோடு சேரும் சுண்ணாம்புச் சத்து குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். அதை நிறுத்தினால் ஆக்ஸலேட் தங்குதடையின்றி மூத்திரத்துக்கு வரும். பாலக்கில்தான் ஆக்ஸலேட் மிக அதிகம், தக்காளியில் குறைவு. குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு. உப்பு கூடினால் மூத்திரத்தில் சுண்ணாம்பும் கூடும். தண்ணீரும் ஒரே மூச்சில் வேண்டாம், நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும், போகும் மூத்திரம் இரண்டரை லிட்டராவது வருகிற அளவுக்கு. யூரிக் அமிலக் கல் என்று வேறொரு வகை உண்டு, அதை மூத்திரத்தின் அமிலத்தன்மையைக் குறைத்து மருந்தால் கரைக்க முடியும். கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்கும் கஷாயம் கிடையாது.

திருநெல்வேலித் தங்கச்சி, உன்னிடம் அப்படிப் பேசியது எங்கள் தொழில் செய்கிறவர் என்பதால் எனக்கு உறுத்துகிறது. பலர் நிஜமாகவே தப்பாகப் பிடித்து வருவார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் மூத்திரத்தைக் கேனில் பிடிக்காமல் விட்டுவிட்டு, மணியைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு போவது எல்லாவற்றையும், மறுநாள் அதே மணிக்குப் போவது வரை பிடிக்க வேண்டும். கேனுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் திரவம் இருந்தால் அழுக்கு என்று கொட்டிவிடாதீர்கள், அது நாங்கள் ஊற்றி வைக்கும் அமிலம். கையிலும் படக் கூடாது. ஆனால் உன் கேனைப் பார்த்து அளவை மட்டும் வைத்து அவர் சொன்னது தப்பு, கிரியாட்டினின் வந்த பிறகுதான் பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று, கல்லோடு குளிர் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தறிக்காரன், குமாரபாளையம்:
ஐயா, நான் யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. வாழைத்தண்டு எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. வலி நின்ற அன்று ஒருவர்கூட "திரும்ப ஒரு ஸ்கேன் பார்த்துவிடு" என்று சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. இடதை எடுத்துவிட்டார்கள். வலதில் இப்போது 3 மி.மீ. ஒன்று இருக்கிறது, வலி இல்லை. வருகிற வியாழன் ஸ்கேன், தறியை நிறுத்திவிட்டுப் போகிறேன்.

மூன்றாம் மாடி, திருநெல்வேலி:
பார்த்ததும் எழுதுங்கள் அண்ணா.