குரோமில் முகப்புப் பக்கத்தை மாற்றியும் மாறவில்லை: எனக்கு ஒன்று வருகிறது, மனைவிக்கு வேறு வருகிறது

மெய்ப்புக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் மெய்ப்பு, அதாவது புரூஃப், திருத்தியவன் நான். ஓய்வு பெற்றுத் திருச்சிக்கு வந்த பிறகும் இரண்டு பதிப்பகங்கள் மின்னஞ்சலில் பக்கங்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. காலையில் கணினியைத் திறந்ததும் என் கண்முன் வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்ததே, அது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் அதை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அச்சகத்தில் ஒரு தொகுதியை அலமாரியிலிருந்து இறக்கி மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். இப்போது கனமில்லாமல் கிடைக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் ஆசிரியர் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பிடிஎஃப் கோப்பை அனுப்பினார். அதை மாற்றுவதற்காக இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி நிறுவினேன். வந்த பெட்டிகளில் எல்லாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போனேன். வாழ்நாளில் படித்துப் பார்க்காமல் நான் ஒப்புதல் கொடுத்தது அந்த ஒரு முறைதான். அதற்குக் கூலியும் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து குரோமைத் திறந்தால் நான் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித் தர மாட்டேன்.

நானாகச் செய்து பார்த்தது இது. செட்டிங்ஸுக்குள் அப்பியரன்ஸ் பகுதியில் 'ஷோ ஹோம் பட்டன்' என்று இருப்பதை இயக்கி, அதன் கீழ் லெக்சிகன் முகவரியை ஒட்டினேன். முகவரிப் பட்டைக்கு இடப்பக்கம் ஒரு குட்டி வீடு முளைத்தது. அதை அழுத்தினால் லெக்சிகன் ஒழுங்காக வருகிறது. ஆனால் குரோமை மூடிவிட்டுத் திறந்தால் மறுபடியும் அந்தத் தேடல் பக்கம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ரயில் முன்பதிவு பார்ப்பதற்காக என் மனைவி குரோமைத் திறப்பார். அவர் எப்போதும் ஸ்டார்ட் மெனுவுக்குள் போய்த்தான் திறப்பார். அவருக்கு வருவது சாதாரண கூகுள் பக்கம். நான் திரையின் அடியில் இருக்கும் பட்டையில் உள்ள ஐகானை அழுத்துவேன். எனக்கு அந்தக் கண்றாவி. கணினி ஒன்று, குரோம் ஒன்று, கணக்கும் ஒன்று. ஒரே அச்சுக் கோப்பிலிருந்து இரண்டு விதமாகப் பக்கம் விழுமா? விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லிக்கனி எழுதியது:

குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் சார். ஐந்து நிமிட வேலை.

பாளை அண்ணாச்சி எழுதியது:

ஐயா, மறுபடி நிறுவ வேண்டாம். நிறுவினாலும் பழைய செட்டிங்ஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கணக்கில் நுழைந்த மறுநிமிடம் எக்ஸ்டென்ஷன்களும், அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்களும், பின்னாலேயே வந்து சேரும். வீட்டை இடித்துக் கட்டிவிட்டுத் திருடனையும் கையோடு அழைத்து வந்த கதையாகிவிடும். நெல்லிக்கனி கோபித்துக்கொள்ளக் கூடாது.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அம்மாவே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டார்ட் மெனுவில் இருப்பதும் கீழ்ப்பட்டையில் இருப்பதும் குரோம் அல்ல. குரோமைக் கூப்பிடும் இரண்டு தனித்தனிக் குறுக்குவழிகள், அதாவது ஷார்ட்கட்கள். உங்கள் மென்பொருள் கீழ்ப்பட்டைக் குறுக்குவழியின் வாலில் தன்னுடைய முகவரியைக் கட்டிவிட்டிருக்கும். அதனால் நீங்கள் செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் அது பொருட்படுத்தாது. குரோமை எழுப்பும்போதே "இந்தப் பக்கத்தைத் திற" என்று காதில் ஓதிவிடுகிறது.

பார்ப்பது இப்படி. குரோமை மூடிவிட்டுக் கீழ்ப்பட்டை ஐகானின் மேல் வலது கிளிக் செய்யுங்கள். ஒரு பட்டியல் எழும்பும். அதில் கூகுள் குரோம் என்ற பெயரின் மேல் இன்னொரு வலது கிளிக், பிறகு புராபர்ட்டீஸ். ஷார்ட்கட் என்ற பகுதியில் 'டார்கெட்' என்று ஒரு பெட்டி இருக்கும். பெட்டி சிறியது, முழுவதும் தெரியாது. உள்ளே கிளிக் செய்து எண்ட் விசையை அழுத்தினால்தான் வால் தெரியும். குரோம் டாட் இஎக்ஸ்இ என்று முடிந்து மேற்கோள் குறி மூடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏதாவது இணைய முகவரி நின்றால் அதை மட்டும் அழித்து அப்ளை கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டு சிறுகோடு போட்டு புரொஃபைல் டைரக்டரி என்று ஏதாவது இருந்தால் அது குரோமே போட்டுக்கொண்டது, அதைத் தொடாதீர்கள்.

அதற்கு முன்னால் அந்த மென்பொருளை நீக்குங்கள். இல்லாவிட்டால் மறுநாளே மறுபடி கட்டிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். நீங்கள் கூப்பிட்டது ஒருவரை என்றால் அதே தேதியில் கூட வந்த விருந்தாளிகளும் இருப்பார்கள். குரோமின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. முகப்பு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது குரோமில் மூன்று இடம். வீட்டுப் பொத்தானை அழுத்தினால் வருவது ஒன்று, அதைத்தான் நீங்கள் மாற்றினீர்கள். குரோம் எழுந்திருக்கும்போது வருவது இன்னொன்று. அது 'ஆன் ஸ்டார்ட்அப்' என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. அங்கே மூன்று வழிகள் காட்டும்: புதிய தாவல் (டேப்), விட்ட இடத்திலிருந்து தொடர்வது, குறிப்பிட்ட பக்கம் அல்லது பக்கங்கள். கடைசியைத் தேர்ந்தெடுத்து லெக்சிகன் முகவரியைக் கொடுங்கள். மூன்றாவது, புதிய தாவல் திறந்தால் வரும் பக்கம். அதற்கு வேறு முகவரி கொடுக்கக் குரோம் செட்டிங்ஸில் இடமே இல்லை.

நான் 2002இலிருந்து ஒன்பது ஆண்டுகள் பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். எட்டுக் கணினி, மணிக்கு 20 ரூபாய். அப்போது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் எல்லாம். பாட்டு இறக்குகிறேன் என்று ஒருவர் எதையாவது கிளிக் செய்துவிட்டுப் போவார், அடுத்து வந்து உட்காருகிற கல்லூரிப் பெண்ணின் முன்னால் சூதாட்டப் பக்கம் விரியும். மானம் போய்விடும். ராத்திரி ஷட்டரை இறக்குமுன் எட்டிலும் டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், யூஸ் பிளாங்க் என்று அழுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வெற்றுப் பக்கம் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எட்டுப் பேரும் ஒரே தொலைபேசி இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் படம் நிறைந்த முகப்பு இறங்கினால், தேர்வு முடிவு பார்க்க வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். அந்த எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவை 2022 ஜூன் 15இல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. வெற்றுப் பக்கம் வைக்கும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை.

மெய்ப்புக்காரர் எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் வாழ்க.

டார்கெட் பெட்டியில் எண்ட் விசையை அழுத்தியதும் வால் வெளியே வந்தது. மேற்கோள் குறி மூடியபின் ஓர் இடைவெளி, அதன் பின்னால் அந்த முகவரி. மேற்கோள் மூடிய பிறகு ஒரு சொல் அநாதையாக நின்றால் ஆயிரம் பக்கத்திலும் என் கண்ணுக்குத் தப்பாது, ஆனால் இந்தப் பக்கத்தை எனக்கு யாரும் மெய்ப்பாக அனுப்பவில்லையே! கையில் சிவப்பு மை இருந்தால் நீக்கல் குறி போட்டிருப்பேன். பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தித் திருப்தி அடைந்தேன்.

ஆப்ஸ் பட்டியலில் அதே தேதியில் மூன்று இருந்தன. பிடிஎஃப் மாற்றி, 'கணினியை வேகமாக்கும்' ஒன்று, பெயரைப் பார்த்தால் என்ன என்றே விளங்காத ஒன்று. மூன்றையும் நீக்கினேன். நடுவில் இருந்தது போகும்போது "ஏன் எங்களைப் பிரிகிறீர்கள்?" என்று காரணப் பட்டியல் நீட்டியது. மகளை மறுவீடு அனுப்பும்போதுகூட இவ்வளவு உருக்கம் இருக்காது. எக்ஸ்டென்ஷன் பக்கத்திலும் 'ஷாப்பிங் உதவியாளர்' என்று ஒன்று குந்தியிருந்தது. பெங்களூரில் இருக்கும் மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவன் மடிக்கணினியிலும் என் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறான், அங்கேயும் அந்த உதவியாளர் இருந்ததாம். மூன்று வாரம் அவனுக்கும் காரணம் தெரியவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை, நான் ஏசுவேன் என்று நினைத்தானாம்.

ஆன் ஸ்டார்ட்அப்பில் லெக்சிகனைக் கொடுத்துவிட்டேன். கீழ்ப்பட்டை, ஸ்டார்ட் மெனு இரண்டிலும் அதுவே வருகிறது. ரயில் டிக்கெட் எடுக்க வந்தவர் முன்னால் அகராதி திறந்தால் என்ன செய்வது என்று மனைவி கேட்கிறார். அவருக்குத் தனிப் புரொஃபைல் போட்டுக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு சொல் வழக்கு பற்றியும் கேட்டுவிடுகிறேன், தொழில் புத்தி. ஒரு தளத்தின் முதல் பக்கத்தையும் முகப்புப் பக்கம் என்கிறோம், உலாவி திறந்ததும் வருவதையும் முகப்புப் பக்கம் என்கிறோம். நாம் மொழிபெயர்த்தபோது நேர்ந்த குழப்பமா இது?

ஆய்வக ஆசிரியை எழுதியது:

நம்முடைய குழப்பம் இல்லை ஐயா, ஆங்கிலத்திலும் அந்த ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. 1993இல் வந்த மொசைக் உலாவி திறந்ததும், அதை உருவாக்கிய இல்லினாய் பல்கலைக்கழக மையத்தின் பக்கத்துக்குப் போய் நிற்கும். நெட்ஸ்கேப் தன் நிறுவனத்தின் பக்கத்தைக் காட்டியது. அப்போதே வீடு நம்முடையதாக இல்லை, உலாவி செய்தவருடையதாகத்தான் இருந்தது. நீங்கள் வேண்டுமானால் உலாவியில் வருவதைத் 'தொடக்கப் பக்கம்' என்று எழுதுங்கள், குழப்பம் குறையும்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பயர்பாக்ஸ்தான். அதில் இந்தத் தொல்லை பாதி. செட்டிங்ஸில் ஹோம் என்ற பகுதியில் நாம் கொடுக்கும் ஒரே முகவரி, திறக்கும்போதும் வரும், வீட்டுப் பொத்தானை அழுத்தினாலும் வரும். ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் முகவரிகளுக்கு நடுவே நெடுங்கோடு போட வேண்டும். பின்சாய்கோட்டு விசையில் ஷிப்ட் சேர்த்தால் வருமே, அந்தக் கோடு. பிள்ளைகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளமும் சேர்ந்து திறக்கும்படி வைத்திருக்கிறேன். ஒரு முறை நெடுங்கோட்டுக்குப் பதில் கமா போட்டுவிட்டு அரை மணி நேரம் கணினியைத் திட்டினேன்.

செவ்வந்தி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அலுவலகக் கணினியில் ஆன் ஸ்டார்ட்அப் மங்கலாக இருக்கிறது, கிளிக்கே ஆகவில்லை. 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் தெரிகிறது. அப்புறம், கைப்பேசியில் எப்படி மாற்றுவது?

பாளை அண்ணாச்சி எழுதியது:

அலுவலகக் கணினி என்றால் அது உங்கள் கணினிப் பிரிவு போட்ட பூட்டு. அவர்களிடம் கேளுங்கள், நீங்களாகத் திறக்க முயல வேண்டாம். அதே வரி வீட்டுக் கணினியில் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று தட்டி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு பாலிசி என்று தட்டினால் யார் எதைப் பூட்டினார்கள் என்ற பட்டியல் வரும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோமின் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ஹோம்பேஜ். அங்கே முகவரி கொடுத்தால் வீட்டு ஐகானை அழுத்தும்போது வரும். ஐபோனின் சஃபாரியில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. வேண்டிய பக்கத்தை முகப்புத் திரையில் ஐகானாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மெய்ப்புக்காரர் எழுதியது:

இன்னும் ஒரே ஒரு குறை. ஒரு பக்கம் திருத்துவதற்குள் பத்துத் தாவல் திறந்துவிடுவேன். புதிய தாவலில் கூகுள்தான் வருகிறது. அதை மாற்ற இடமில்லை என்றீர்கள். எக்ஸ்டென்ஷன் போட்டால் முடியும் என்று மகன் சொல்கிறான். ஆனால் சூடு கண்ட பூனை நான், வேறு வழி உண்டா?

பாளை அண்ணாச்சி எழுதியது:

உண்டு. கன்ட்ரோல், டி சேர்த்து அழுத்திப் புதிய தாவல் திறங்கள். உடனே ஆல்ட் விசையுடன் ஹோம் விசை. வீட்டுப் பொத்தானுக்கு நீங்கள் முதல் நாளே கொடுத்த முகவரி அந்தத் தாவலில் வந்துவிடும்.

மெய்ப்புக்காரர் எழுதியது:

வருகிறது! வரியின் தொடக்கத்துக்குத் தாவுவதற்கு மட்டும்தான் இத்தனை ஆண்டுகளாக அந்த விசையை அழுத்திக்கொண்டிருந்தேன்.