பழைய வீட்டோட புது ரூம் சேர்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

எங்களது கும்பகோணம் பக்கம், நாட்டு ஓடு போட்ட முற்றம் வச்ச வீடு. கொல்லைப் பக்கம் அம்மாவுக்கு அட்டாச்டு பாத்ரூமோட ஒரு பெட்ரூம் எடுத்தோம். முதல்ல பாத்த இன்ஜினியர் பழைய செவுத்துல துளை போட்டு கம்பி விட்டு ஸ்லாப்ப அதுமேலயே உக்கார வச்சிரலாம், ஒரு செவுரு செலவு மிச்சம்னு சொன்னார். வயசான கொத்தனார் ஒருத்தர் ஒத்துக்கவே இல்ல. "இது தாத்தா காலத்துலயே அமுங்கி முடிஞ்ச செவுரு தம்பி, புதுசு இனிமேதான் அமுங்கும், ரெண்டையும் கட்டிப்போட்டா நடுவுல பிளந்துக்கும்"னார். அதனால தனி அஸ்திவாரம், தனி பில்லர். அதையும் செவுத்த ஒட்டித் தோண்டல, பழைய அஸ்திவாரம் ஆழமே இல்லாததால நாலடி தள்ளி பில்லர் எடுத்து ஸ்லாப்ப மட்டும் செவுரு கிட்ட வரைக்கும் நீட்டினாங்க. நடுவுல ரெண்டு இஞ்சு கேப், மழை இறங்காம இருக்க மேல தகடு மடிச்சு ஒரு பக்கம் மட்டும் அடிச்சிருக்கு, ரெண்டு பக்கமும் அடிச்சா கேப் விட்டதுக்கே அர்த்தம் இல்லையே.

---

நாங்க காரைக்குடி. கேப் எல்லாம் சரியா விட்டாங்க, ஆனா புது ரூமுக்கு வழி உடைச்ச இடத்துல கான்ட்ராக்டர் சிமெண்ட் பூசிட்டுப் போயிட்டார். சுண்ணாம்புச் செவுரு ஈரத்த உறிஞ்சி வெளிய விட்டுக்கிட்டே இருக்கும்ங்க, மேல சிமெண்ட் போட்டா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். அடுத்த மழைக்கே வெள்ளை வெள்ளையா உப்பு பூத்து, தட்டினா டொப்பு டொப்புனு சத்தம். அத்தனையும் கொத்தி எடுத்துட்டு கடுக்காத் தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்பு பூசினோம், ஆள் கிடைக்கிறதுதான் பெரிய பாடு. தரைக்கு ஆத்தங்குடி கல்லுதான். சூளையில சுடாம கண்ணாடி மேல வார்க்கிற கல்லு அது, மெஷின் பாலிஷ் போடறேன்னு யாராவது வந்தா வாசல்லயே நிறுத்திடுங்க, மேல இருக்கிற கலர் போயிடும். நடக்க நடக்க தானா பளபளப்பு வரும்.

---

முற்றத்துத் தண்ணி எந்தப் பக்கம் வெளிய போகுதுனு பாத்துட்டு அப்புறம் பிளான் போடுங்கப்பா. எங்க சித்தப்பா வீட்ல அந்த வழி மேலயே பாத்ரூம் கட்டி, ஐப்பசி மழைல கூடத்துல கணுக்கால் அளவு தண்ணி.

---

முதல் பதிவு போட்டவருக்கு, அந்தத் தகடு ஜிங்க்கா அலுமினியமா சார்? நாங்க அடுத்த மாசம் ஆரம்பிக்கிறோம்.