சுயாதீன இலத்திரன் லேசரில் போட்டன்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாதது ஏன்?

கேள்வி: வெள்ளவத்தை மாணவி

அண்ணாமார், அக்காமார், ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் பௌதிகவியலும் இலத்திரனியலும் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. இறுதி ஆண்டு ஆய்வுக்கு எக்ஸ்-கதிர்ப் பட உணர்கருவிகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். சிங்க்ரோட்ரோன்களில், அதாவது இலத்திரன்களை வட்டப் பாதையில் ஓடவிட்டு எக்ஸ்-கதிரை உண்டாக்கும் பெரும் இயந்திரங்களில், பயன்படும் பிலாட்டஸ், ஐகர் போன்ற கருவிகள் ஒவ்வொரு பிக்சலிலும் விழும் போட்டன்களை (ஒளித்துகள்களை) ஒன்று, இரண்டு என்று எண்ணுகின்றன என்றும், அதனால் இலத்திரனியல் இரைச்சல் படத்தில் ஏறுவதே இல்லை என்றும் வாசித்தேன். இவ்வளவு துப்புரவான ஒரு முறை கையில் இருக்கும்போது, வேகமான இலத்திரன் கற்றையிலிருந்து எக்ஸ்-கதிர்த் துடிப்புகளை உண்டாக்கும் சுயாதீன இலத்திரன் லேசரான, ஹம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசருக்கு மட்டும் எண்ணாத கருவிகளைப் புதிதாக உருவாக்க வேண்டி வந்தது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். இலங்கையில் சிங்க்ரோட்ரோன் இல்லை. நமக்கு அருகில் உள்ளது இந்தூரில் இருக்கும் இந்துஸ்-2 தான். "கையால் தொட முடியாத கருவியைப் பற்றி என்ன ஆய்வு செய்யப் போகிறாய்?" என்று என்னை வழிநடத்தும் ஆசிரியர் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் இத்துறையைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. இங்கிருந்தபடி உண்மையாகவே பயனுள்ள வேலை ஏதும் செய்ய முடியுமா?

பதில் 1: கொட்டாஞ்சேனையிலிருந்து ஹம்பேர்க் வந்தவன்

தங்கச்சி, ஒளி எந்த நேர இடைவெளியில் வந்து சேருகிறது என்பதைப் பார்த்தால் உங்கள் முதற் கேள்விக்கான விடை தானாகவே வெளிப்படும்.

12 கிலோ இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுள்ள ஒரு போட்டன் சிலிக்கன் தகட்டில் உறிஞ்சப்படும்போது, ஓர் இலத்திரன்–துளைச் சோடியை (விடுபட்ட இலத்திரனும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும்) உண்டாக்கச் சராசரியாக 3.6 இலத்திரன்வோல்ற்று அளவில் செலவாவதால், ஏறத்தாழ 3300 சோடிகள் பிறக்கின்றன. தகட்டின் குறுக்கே கொடுக்கப்பட்டுள்ள வோல்ற்றளவு அந்த ஏற்றத்தைச் சில பத்து நனோசெக்கன்களுக்குள் பிக்சலின் முனைக்கு இழுத்து வருகிறது. அங்கே மிகச் சிறிய உலோகக் குமிழ் ஒன்றினால் தகட்டோடு ஒட்டப்பட்டிருக்கும் சிப்பின் சுற்று, வந்த துடிப்பைப் பெருக்கி, போட்டனின் சக்தியில் பாதிக்கு ஒப்பான ஒரு வரம்பை அது தாண்டினால் மட்டும் எண்ணியில் ஒன்றைக் கூட்டுகிறது. இரைச்சலால் அந்த வரம்பை எட்ட முடியாது. ஆகவே இருட்டில் கருவி பூச்சியத்தையே காட்டுகிறது. சிங்க்ரோட்ரோனில் போட்டன்கள் தொடர்ந்து சிதறி வந்துகொண்டிருப்பதால், ஒரு பிக்சல் செக்கனுக்குப் பல இலட்சம் போட்டன்களைக்கூட இவ்வாறு பிரித்து எண்ணிவிடும். வரவு வீதம் அதற்கு மேலும் கூடும்போதுதான் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எண்ணிக்கை குறைந்து காட்டத் தொடங்கும்.

சுயாதீன இலத்திரன் லேசரின் ஒரு துடிப்பில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி போட்டன்கள் இருக்கலாம். அவை அனைத்தும் 100 ஃபெம்டோசெக்கனுக்கும் (நனோசெக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும்) குறைந்த நேரத்துக்குள் வந்து முடிந்துவிடுகின்றன. மாதிரியில் சிதறி ஒரு பிக்சலுக்கு வந்தவை ஐந்தாக இருந்தாலும் ஐயாயிரமாக இருந்தாலும், சுற்றுக்கு அது ஒரே துடிப்புத்தான். எண்ணியில் ஒன்றே கூடும். புறக்கோட்டைச் சந்தையில் தேங்காயை எண்ணி வாங்குகிறோம், அரிசியை நிறுத்து வாங்குகிறோம். இங்கேயும் வந்த ஏற்றம் முழுவதையும் ஒரு கொள்ளளவியில் சேர்த்து நிறுக்கத்தான் வேண்டும்.

கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒற்றை அரிசி மணியையும் மூட்டை அரிசியையும் ஒரே தராசு நிறுக்க வேண்டும். ஒரே படத்தில் ஓரத்துப் பிக்சலுக்கு ஒரு போட்டனும், நடுவில் உள்ள பிக்சலுக்குப் பத்தாயிரம் போட்டன்களும் வரக்கூடும். ஜேர்மனியின் டெசி ஆய்வு மையமும் சுவிற்சர்லாந்தின் போல் ஷெரர் நிறுவகமும் ஹம்பேர்க், பொன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உருவாக்கிய ஏஜிஐபிடி கருவியில், பெருக்கியின் வெளியீடு ஓர் எல்லையைத் தொட்டவுடன் சுற்றே தன்னிச்சையாக ஒரு பெரிய கொள்ளளவியை இணைத்து, பெருக்கத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதுவும் போதாவிட்டால் இன்னொன்றை இணைக்கிறது. இப்படி மூன்று படிகள் உண்டு. எந்தப் படியில் நின்று அளந்தது என்ற செய்தியும் அளவோடு சேர்த்துப் பதிவாகிறது. பிரித்தானியாவில் உருவான எல்பிடி கருவி இதே சிக்கலுக்கு வேறு வழியை எடுத்தது. அதில் மூன்று பெருக்கங்களும் எப்போதும் சமாந்தரமாக இயங்க, பொருத்தமானது பின்னர் தெரிவுசெய்யப்படுகிறது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே துடிப்புகள் 220 நனோசெக்கன் இடைவெளியில், ஒரு தொடருக்கு 2700 வரை, செக்கனுக்குப் 10 தொடர்களாக வருகின்றன. அந்த இடைவெளிக்குள் ஒரு படத்தைச் சிப்புக்கு வெளியே அனுப்ப வழியில்லை. ஆகவே ஏஜிஐபிடியின் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் 352 நினைவுக் கலங்கள் இருக்கின்றன. தொடர் ஓடும் 0.6 மில்லிசெக்கனில் படங்களை அவற்றில் நிரப்பி, அடுத்த தொடர் வருமுன் கிடைக்கும் 99 மில்லிசெக்கன் ஓய்வில் வெளியே வாசிக்கிறார்கள். 2023இல் முதல் ஒளி கண்ட அமெரிக்காவின் எல்சிஎல்எஸ்-2 என்ற இதே வகை லேசரில் துடிப்புகள் இடைவிடாமல், செக்கனுக்குப் பத்து இலட்சம் வரை வரும் வகையில் அமைக்கப்பட்டிருப்பதால், அந்த ஓய்வு அங்கே கிடைக்காது. அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கு முன்னால் இருக்கும் பெரிய சிக்கல் இதுவே என்பது என் கருத்து.

இரண்டாவது கேள்விக்கு என் அனுபவம் ஒன்றையே பதிலாகத் தருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆய்வகத்தில் இரவு முழுவதும் எடுத்த படங்களில், மையத்தைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. மாதிரியின் அமைப்பைக் கண்டுவிட்டோம் என்று விடியும்வரை மகிழ்ந்துகொண்டிருந்தோம். காலையில் மாதிரியை எடுத்துவிட்டு வெறும் நீரை வைத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே இடத்தில் அந்த வளையம் நின்றது. பெருக்கம் முதற் படியிலிருந்து இரண்டாம் படிக்கு மாறும் ஒளிச்செறிவு எந்தப் பிக்சல்களில் விழுந்ததோ, அந்தப் பிக்சல்களின் எல்லைக்கோடுதான் அது. இரண்டாம் படிக்கான அடிமட்ட அளவை, அதாவது ஒளியே இல்லாதபோது அந்தப் படி காட்டும் எண்ணை, நாங்கள் சரியாக எடுத்திருக்கவில்லை. இருட்டில் சுற்று தானாக இரண்டாம் படிக்குப் போகாது என்பதால், அதை வலிந்து அந்தப் படியில் நிறுத்தி இருட்டுப் படம் எடுக்க வேண்டும். அந்த வேலையை அன்று அவசரத்தில் அரைகுறையாகச் செய்திருந்தோம்.

பத்து இலட்சம் பிக்சல், ஒவ்வொன்றிலும் 352 கலம், ஒவ்வொன்றுக்கும் மூன்று படி என்று பெருக்கிப் பாருங்கள். அடிமட்டத்துக்கு மட்டும் நூறு கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வேண்டும். பெருக்கத்துக்கு வேறாக அத்தனை. இத்துறையில் மனித உழைப்பில் பெரும்பகுதி இந்த அளவுத்திருத்தத்துக்கே போகிறது. அதற்குக் கணினியும் பொறுமையும் போதும். கருவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய தேவை இல்லை.

பதில் 2: மருத்துவ பௌதிகவியலாளர், கொழும்பு

மேலே எழுதியவர் சொன்னவற்றோடு நான் உடன்படுகிறேன். ஆனால் அவர் சிலிக்கனை மட்டுமே பேசியதால் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டுப் போயிற்று. 320 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள சிலிக்கன் தகடு 12 கிலோ இலத்திரன்வோல்ற்றில் ஏறத்தாழ முக்கால் பங்குப் போட்டன்களைப் பிடிக்கும். 20 கிலோ இலத்திரன்வோல்ற்றிலோ மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பிடிக்காது. உயர்சக்திக்குக் கட்மியம் தெலூரைட்டு, கல்லியம் ஆசனைட்டு போன்ற பாரமான குறைகடத்திகள் வேண்டும். அவற்றின் பளிங்குகளில் குறைபாடுகள் அதிகம். கட்மியம் தெலூரைட்டில் ஏற்றங்கள் சிக்கி நின்று உள்ளிருக்கும் மின்புலத்தையே மெல்ல மாற்றிவிடுவதால், சில கருவிகளில் வோல்ற்றளவை இடையிடையே நிறுத்தி மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவமனைகளில் நாங்கள் அன்றாடம் கையாளும் தட்டையான எக்ஸ்-கதிர்த் தகடுகளில் பெரும்பாலானவை கதிரை முதலில் சீசியம் அயடைட்டில் ஒளியாக்கி, பிறகே அந்த ஒளியை மின்னாக்குகின்றன. அந்த ஒளி பக்கவாட்டில் சிறிது பரவுவதால் படத்தின் கூர்மை குறைகிறது. கதிரை நேரடியாகவே ஏற்றமாக மாற்றி, போட்டன்களை எண்ணும் முறை இப்போது மருத்துவத்துக்குள்ளும் வந்துவிட்டது. கட்மியம் தெலூரைட்டைக் கொண்டு போட்டன்களை எண்ணும் சீமென்ஸ் நிறுவனத்தின் சீ.ரி. வருடி 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. துகள் பௌதிகவியலுக்காகச் சேர்ன் ஆய்வுகூடத்தில் வளர்ந்த பிக்சல் சிப்புகளின் அறிவிலிருந்தே மெடிபிக்ஸ் என்ற போட்டன் எண்ணும் சிப்பு பிறந்தது. ஆகவே தங்கை, இது எட்டாத துறை என்று உங்கள் ஆசிரியர் மீண்டும் சொன்னால், நோயாளிகளைப் படம்பிடிக்கும் கருவிவரைக்கும் இந்த அறிவு வந்துவிட்டது என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற ஆய்வுகூடப் பொறுப்பாளர், தெகிவளை

பிள்ளை, நான் சிங்க்ரோட்ரோனைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் அளவுக் கருவிகளோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் இரண்டு விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது ஈரப்பதன். இக்கருவிகளின் சிலிக்கனைக் குளிர வைத்தால்தான் இருட்டு ஓட்டம், அதாவது ஒளியே இல்லாதபோதும் கசியும் மின்னோட்டம், குறையும். கொழும்பில் காற்றின் பனிபடுநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலான நாட்களில் 24 பாகை செல்சியஸை அண்டியே இருக்கிறது. 15 பாகை நீரை ஒரு குழாயில் ஓட விட்டால் அதன் வெளிப்புறம் சில நிமிடங்களில் வியர்த்துச் சொட்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த சோடாப் போத்தலில் தினமும் பார்ப்பதுதான் இது. பல வோல்ற்று மின்னழுத்தம் உள்ள தகட்டில் அந்த நீர் படிந்தால் கருவி போயிற்று. உலர் நைதரசனை ஊட்டும் மூடிய பெட்டியும், ஈரப்பதன் கூடினால் மின்னைத் தானாகத் துண்டிக்கும் சுற்றும் நம் நாட்டில் கருவியை வைக்கும் எவருக்கும் முதலில் வேண்டியவை. நமது காலநிலைக்கு ஏற்ற அப்படியொரு காப்புப் பெட்டியை வடிவமைப்பதே ஒரு நல்ல இறுதி ஆண்டு வேலை.

இரண்டாவது, இன்றிரவே செய்யக்கூடியது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோடு இணைக்கும் கமராவின் வில்லையைக் கறுப்பு நாடாவால் மூடி, பிஸ்கற் தகரம் ஒன்றுக்குள் வைத்து, பதப்படுத்தாத மூலப் படங்கள் நூறு எடுங்கள். இருட்டில் எண்கள் பூச்சியமாக இருக்கமாட்டா. ஏன் என்று யோசியுங்கள். பிக்சல் பிக்சலாகச் சராசரி எடுத்தால் அடிமட்டம் கிடைக்கும். பரம்பலை எடுத்தால் இரைச்சல் கிடைக்கும். பிறகு மின்விசிறியின் கீழ் ஒரு தடவை, வெயில் ஏறிய அறையில் ஒரு தடவை என்று மீண்டும் எடுங்கள்.

பதில் 4: வெள்ளவத்தை மாணவி

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பிஸ்கற் தகரத்தின் மூடி இடுக்கால் ஒளி கசிந்ததால் முதல் நூறு படங்களும் வீணாகின. கறுப்புத் துணியால் சுற்றிய பின்னரே சரிவந்தது. என்னிடம் இருந்த கமராவில் எண்கள் 64ஐ அண்டி நிற்கின்றன. இரைச்சல் கீழ்ப்பக்கமாகவும் ஆடுவதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே அடிமட்டத்தைப் பூச்சியத்துக்கு மேலே உயர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். பூச்சியத்திலேயே வைத்திருந்தால் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டு, சராசரி பொய்யாகிவிடும். நூறு படங்களின் சராசரியைத் திரையில் விரித்தபோது, சில பிக்சல்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நட்சத்திரம்போல் நின்றன. பிற்பகல் வெயிலில் சூடான அறையில் அவற்றின் தொகை கண்கூடாகக் கூடியது. இரவில் எடுத்த படத்தில் தெரியாத பல புள்ளிகள் அதில் முளைத்திருந்தன.

பதில் 1இல் எழுதிய அண்ணாவிடம் ஒரு கேள்வி. இதே கணக்கை உங்கள் கருவியின் தரவில் செய்து பார்க்க வழி உண்டா?

பதில் 5: கொட்டாஞ்சேனையிலிருந்து ஹம்பேர்க் வந்தவன்

உண்டு, தங்கச்சி. சுயாதீன இலத்திரன் லேசர்களில் எடுத்த தரவுகள் பல, கோஹிரன்ட் எக்ஸ்-ரே இமேஜிங் டேட்டா பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. அவற்றை ஆராயக் கிறிஸ்ட்ஃபெல் என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. கோப்புகள் மிகப் பெரியவை என்பதால் வீட்டு இணைப்பில் முயலாமல் பல்கலைக்கழக வலையமைப்பில் இரவில் இறக்குங்கள்.

ஆய்வின் மையமாக ஆல்பிக்ஸ் ஸ்குவேர்ட் என்ற உருவகப்படுத்தல் மென்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைப்பேன். சிலிக்கனுக்குள் ஒரு போட்டன் உண்டாக்கிய ஏற்றம் நகர்ந்து பிக்சல்களுக்கிடையே எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை அது சாதாரண மடிக்கணினியிலேயே கணக்கிடும். நான்கு பிக்சல்கள் சந்திக்கும் மூலையில் விழுந்த போட்டனின் ஏற்றம் நான்காகப் பிரிந்தால், ஒவ்வொன்றுக்கும் காற்பங்கே கிடைக்கும். பாதிச் சக்தி வரம்பை எந்தப் பிக்சலும் தாண்டாது. எண்ணும் கருவி அந்தப் போட்டனைக் காணாமலே விட்டுவிடும். பிக்சலின் அளவு 75 மைக்கிரோமீற்றராக இருந்தால் இவ்வாறு தவறிப்போவது எவ்வளவு, 25ஆகக் குறைத்தால் எவ்வளவு, தகட்டின் வோல்ற்றளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று வரைந்து காட்டுங்கள். மெடிபிக்ஸ்-3 அயல் பிக்சல்களின் ஏற்றத்தைக் கூட்டிப் பார்த்து இதைத் தீர்க்கிறது. உங்கள் கணக்கை அதனோடு ஒப்பிடலாம்.

டெசி ஆண்டுதோறும் கோடைகால மாணவர் திட்டம் ஒன்றை நடத்துகிறது. விண்ணப்பத்தில், வெயிலில் கூடிய அந்தப் புள்ளிகளின் படத்தையும், எந்த வெப்பநிலையில் எடுத்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த முறை படம் எடுக்கும்போது தகரத்துக்குள் ஒரு வெப்பமானியையும் வைத்துவிடுங்கள்.